கடற்கரையிலிருந்து மலைநாடு வரை: காரும் காற்றும் பெற்றோலும்

யாழ்ப்பாணத்திலே காலைக் கோப்பியை அருந்திவிட்டுக் காரில் ஏறும் ஒரு குடும்பத்தினர், அன்று மாலை நுவரெலியாவில் கம்பளிச் சட்டையணிந்து, தேயிலை மலைகளின் மேல் இறங்கும் பனிப்புகாரைப் பார்த்து நிற்கலாம். இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இத்தூரத்துக்குள்ளே உப்புக் காற்று வீசும் கடனீரேரி, வறண்ட காடு, குளங்களும் வயல்களும் நிறைந்த சமவெளி, நெரிசல் மிக்க நகரங்கள், மேகந் தவழும் மலைகள் ஆகிய அனைத்தையும் கண்டு விடுகிறோம். ஒரே நாளில் பல நாடுகளைச் சுற்றி வந்தது போன்ற உணர்ச்சி உண்டாகிறது.

இப்பிரயாணத்தில் நாம் பெரும்பாலும் கவனியாது விடும் விஷயம் ஒன்றுண்டு. கார் ஒன்றுதான், அதனை ஓட்டும் சாரதியும் ஒருவர்தான், ஊற்றிய பெற்றோலும் ஒரே தரமானதுதான். ஆயினும், ஆனையிறவில் ஒரு லீற்றருக்கு ஓடிய தூரம் இறம்பொடையில் ஓடுவதில்லை. காலையில் ஓடிய தூரம் நண்பகலில் ஓடுவதில்லை. தந்தையார் ஓட்டும்போது கிடைக்கும் தூரம், இளைய மகன் சக்கரத்தைப் பிடித்ததும் குறைந்து விடுகிறது. இதற்குக் காரணம் யாது? சீதோஷ்ண நிலையும், தரையின் அமைப்பும், ஓட்டுபவரின் பழக்கமும் என்பதே விடை. இம்மூன்றும் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை வழிநெடுகப் பார்த்துச் செல்வோம்.

அளந்து பார்த்தல்

புறப்படுமுன் ஒரு சிறு கணக்கு. பெற்றோல் நிலையத்தில் தாங்கியை முழுவதும் நிரப்பி, ஓடிய தூரங்காட்டும் மானியிலுள்ள எண்ணைக் குறித்துக் கொள்ள வேண்டும். அடுத்த முறையும் முழுவதும் நிரப்பி, எத்தனை லீற்றர் கொண்டது என்பதையும் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதையும் எழுதிக்கொண்டு வகுத்தாற் போதும். 420 கிலோமீற்றர் ஓடியபின் 30 லீற்றர் கொண்டதாயின், லீற்றருக்கு 14 கிலோமீற்றர். கலனுக்கு இத்தனை மைல் என்று கணக்குப் பார்த்துப் பழகிய முதியோருக்கு இது கலனுக்கு ஏறக்குறைய 40 மைல் ஆகும். பின் ஆசனத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து இவ்வேலையை ஒப்படைத்து விடலாம். நாம் ஓர் எடுத்துக்காட்டுக்காக, சமவெளியில் லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடும் சிறிய கார் ஒன்றில் செல்வதாக வைத்துக் கொள்வோம்.

ஆனையிறவின் எதிர்காற்று

யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ-9 வீதி உள்நாட்டுப் போர்க் காலத்தில் நெடுநாள் மூடப்பட்டிருந்தது. 2002இல் திறக்கப்பட்டு, 2006இல் மீண்டும் மூடப்பட்டு, போர் முடிந்த 2009இல் திரும்பவும் திறக்கப்பட்டது. இன்று அது செவ்வையான வீதி. மேடு பள்ளம் அதிகம் இல்லை, வளைவுகளும் குறைவு. சிக்கனமாக ஓட்டுவதற்கு இதனிலும் ஏற்ற வீதி கிடைப்பது அரிது. இங்கேயே பெற்றோல் வீணாகுமாயின், அதற்கு வீதியைக் குறை கூற இயலாது.

ஆனையிறவிலே இருபுறமும் நீர்ப்பரப்பு. காற்றைத் தடுக்க மரமோ மதிலோ கிடையாது. ஆனி, ஆடி மாதங்களில் சோளகக் காற்று அவ்வெளியில் வீசும் வேகத்தைக் காரின் உள்ளிருப்போரும் உணர்வர். மார்கழியில் வடக்கே திரும்பி வருவோரை வாடைக்காற்று எதிர்கொள்ளும். ஓடும் காருக்குக் காற்றுத்தான் முதற் பகைவன். வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகின்றது. 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் 80 கிலோமீற்றருக்கு விரைந்தால், ஒவ்வொரு கிலோமீற்றரிலும் காற்றைக் கிழிப்பதற்கு வேண்டிய சக்தி முக்கால் பங்குக்கு மேல் அதிகரித்து விடுகின்றது. 60 கிலோமீற்றரிலேயே செல்லும்போது 20 கிலோமீற்றர் வேகமுள்ள காற்று எதிரே வீசினாலும் அதே கதிதான். காற்றை நாம் நிறுத்த முடியாது. ஆனால் நமது வேகத்தைக் குறைத்துக் கொள்ளலாம் அன்றோ?

நகர்ப்புறங்களுக்கு அப்பால் கார்களுக்கு விதிக்கப்பட்ட உயர்ந்த வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வரையுள்ள சுமார் 140 கிலோமீற்றரை இவ்வேகத்தில் இரண்டு மணி நேரத்திற் கடக்கலாம். சட்டத்தை மீறி 90 கிலோமீற்றரில் பறப்பவர் மிச்சம் பிடிப்பது அரை மணித்தியாலத்திலுங் குறைவு. அந்த அரை மணியும் முறிகண்டியிற் கச்சான் கொறிப்பதிற் கழிந்துவிடும். விரைந்து போனதற்கான பெற்றோற் செலவு மட்டும் திரும்பி வருவதில்லை.

காரின் கூரைமேற் கட்டும் பொதிகளையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். மலைநாட்டிலுள்ள உறவினருக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் பனங்கிழங்கும் கொண்டு போவது நம்மவர் வழக்கம். திரும்பும்போது லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு. கொண்டுபோவது தவறன்று. ஆனால் கூரையின்மேல் உயர்ந்து நிற்கும் பெட்டி காற்றைத் தடுத்து, நெடுஞ்சாலை வேகத்தில் லீற்றருக்கு ஓடும் தூரத்தை நூற்றுக்கு ஆறு முதல் பதினேழு பங்கு வரை குறைக்குமென அமெரிக்க அரசின் எரிசக்தித் துறையினர் கணித்துள்ளனர். அதே பொதியைக் காரின் பின்புறத்தில் வைத்தால் நட்டம் மிகச் சொற்பம். 45 கிலோகிராம் பாரத்துக்கு நூற்றுக்கு ஒரு பங்கு என்பது அவர்களது கணக்கு.

முறிகண்டி நிழல்

முறிகண்டிப் பிள்ளையாரை வணங்காது இவ்வழியே செல்லும் தமிழ்ச் சாரதிகள் குறைவு. வாகனத்தை நிறுத்தி, தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கச்சான் வாங்கிக் கொண்டே புறப்படுவர். இந்நேரத்தில் சிலர் குளிரூட்டிக்காக இயந்திரத்தை நிறுத்தாமலே விட்டுச் செல்வதைக் காணலாம். நின்ற இடத்தில் ஓடும் இயந்திரம் ஓரடி தூரமும் செல்லாமல் பெற்றோலைக் குடிக்கின்றது. சிறிய காராயினும், குளிரூட்டியோடு ஒரு மணி நேரம் நின்றால் ஒரு லீற்றர் வரை போய்விடும். மர நிழலில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, கண்ணாடிகளைச் சிறிது இறக்கி விடுதல் நன்று. திரும்பி வந்து ஏறியதும் கதவுகளைத் திறந்து வெப்பக் காற்றை வெளியே விட்டு, ஓரிரு நிமிடம் ஓடியபின் குளிரூட்டியைப் போட்டால் அதற்கு வேலை குறையும்.

வன்னி வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. வெப்பம் இயந்திரத்துக்குப் பகை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. வெப்பமான ஊரில் இயந்திரம் விரைவில் தக்க சூட்டை அடைகின்றது, எண்ணெய் இளகியிருக்கின்றது, காற்றும் அடர்த்தி குறைந்து தடையைக் குறைக்கின்றது. அதனால் வெப்பம் எரிபொருட் சிக்கனத்துக்கு நண்பனே. பகையாவது அவ்வெப்பத்தைத் தணிக்க நாம் இயக்கும் குளிரூட்டிதான். கடும் வெப்பத்தில், அதிலும் குறுந்தூர ஓட்டங்களில், குளிரூட்டி நூற்றுக்கு இருபத்தைந்து பங்குக்கு மேலும் தூரத்தைக் குறைத்து விடக்கூடும். வீதிகளில் மெதுவாகச் செல்லும்போது கண்ணாடிகளைத் திறந்து விடுவது சிக்கனம். விரைவாகச் செல்லும்போதோ திறந்த கண்ணாடிகளே காற்றைத் தடுக்கும். அப்பொழுது அவற்றை மூடிக் குளிரூட்டியை அளவாகப் போடுவதே மேல். இவ்விரண்டையும் விடச் சிறந்த வழி, நம் பெரியோர் செய்தது போல் விடியற்காலை நான்கு மணிக்கே புறப்பட்டு விடுவது. குளிர்ந்த காற்று, வெறிச்சோடிய வீதி, நிதானமான ஓட்டம் ஆகிய மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

சிக்கனம் என்ற சொல்லை யாழ்ப்பாணத்துச் சாரதிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990களில், பொருளாதாரத் தடையின் காரணமாகக் குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. அப்பொழுது மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலால் சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். வீதியெங்கும் புகை மணத்தது. பெற்றோல் துளிக்கணக்கில் அளக்கப்பட்ட காலம் அது. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவும், பிரசவத்துக்குப் போகும் தாயை ஏற்றிச் செல்லவும் அந்தத் துளிகளே உதவின.

பின்னர் 2022இல் நாடு முழுவதுமே அந்நிலையை ஓரளவு கண்டது. பெற்றோல் நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் வரிசைகள் நீண்டன. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் சாதாரண பெற்றோல் லீற்றர் ஒன்று 470 ரூபாவாக உயர்ந்தது. ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதி முறை தொடங்கியபோது, ஒரு காருக்கு வாரத்துக்குக் கிடைத்தது 20 லீற்றர் மட்டுமே. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், தொழில், சந்தை, கோவில் யாவும் அந்த 20 லீற்றருக்குள் அடங்க வேண்டியிருந்தன. லீற்றருக்கு இரண்டு கிலோமீற்றர் கூடுதலாக ஓடுவது எத்துணைப் பெரிய காரியம் என்பதை அன்று ஒவ்வொரு குடும்பமும் அறிந்து கொண்டது. வாரத்துக்கு 40 கிலோமீற்றர் என்பது பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வரும் ஒரு சில நாட் பயணம் அன்றோ?

மாத்தளையும் கண்டியும்

மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை ஆகிய இடங்களைக் கடந்தபின் நிலம் மெல்ல உயரத் தொடங்குகின்றது. மாத்தளையில் முத்துமாரியம்மன் கோபுரத்தைத் தரிசித்து அப்பாற் சென்றால், அக்குறணை முதற் கண்டி வரை கடைகளும் வாகனங்களும் நெருங்கிய வீதி. இங்கே எரிபொருளை விழுங்குவது காற்றன்று, பிறேக்கே.

பாரத்தோடு 1,300 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று 50 கிலோமீற்றர் வேகத்திற் சென்று நிறுத்தப்பட்டு, மீண்டும் அதே வேகத்தைப் பெறுவதற்கு ஏறக்குறைய 15 மில்லிலீற்றர் பெற்றோல் வேண்டும். அது ஒரு மேசைக்கரண்டி அளவு. அறுபத்தைந்து முறை இவ்வாறு பாய்ந்து நிறுத்தினால் ஒரு லீற்றர் காற்றிற் பறந்துவிடும். பிறேக்கை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும், பணங் கொடுத்து வாங்கிய வேகத்தைச் சூடாக மாற்றி வீதியில் எறிகிறோம்.

முன்னே நிற்கும் பஸ்ஸைத் தூரத்திலேயே கண்டு, அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்து, கார் தானாக வேகங் குறைய விடுபவர் பிறேக்கை அதிகம் தேடார். ஆவேசமாகப் பாய்ந்து, சடுதியாக நிறுத்தி ஓட்டும் பழக்கம் நகர நெரிசலில் நூற்றுக்கு பத்து முதல் நாற்பது பங்கு வரை தூரத்தைக் குறைக்கும் என்பதும் முற்கூறிய அமெரிக்கத் துறையினரின் கணிப்பே. ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி காரோட்டிக்கும் பொருந்தும்.

இக்காலத்தில் நம் நாட்டில் மலிந்துள்ள பிறியஸ், அக்குவா முதலிய கலப்பின வாகனங்கள் இவ்விடத்திற் சிறந்து விளங்குவதன் இரகசியமும் இதுவே. நிறுத்தும்போது வீணாகும் சக்தியின் ஒரு பகுதியை மின்சாரமாக மாற்றிப் பற்றரியிற் சேமித்து, மீண்டும் புறப்படும்போது அவை பயன்படுத்துகின்றன.

இறம்பொடை ஏற்றம்

கண்டியிலிருந்து பேராதனை, கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியா சுமார் 77 கிலோமீற்றர். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ளது. நுவரெலியாவோ 1,868 மீற்றர். நம் காரையும், அதிலுள்ளோரையும், மாம்பழப் பெட்டியையும் சேர்த்து 1,370 மீற்றர் உயரத் தூக்க வேண்டும். இதற்கு எவ்வளவு பெற்றோல் வேண்டுமென்பதை மாணவர்கள் தாமே கணித்து விடலாம்.

1,300 கிலோகிராமை அவ்வுயரத்துக்குத் தூக்க வேண்டிய சக்தி ஏறக்குறைய 1 கோடியே 75 இலட்சம் யூல். ஒரு லீற்றர் பெற்றோலில் சுமார் 3 கோடியே 20 இலட்சம் யூல் அடங்கியுள்ளது. ஆயினும் இயந்திரம் அதில் நாலிலொரு பங்கையே உழைப்பாக்கும். மிகுதி சூடாகவும் புகையாகவும் போய்விடும். ஆகவே ஏற்றத்துக்கு மட்டும் 2 லீற்றருக்குச் சற்று மேல் வேண்டும். சமவெளியில் 77 கிலோமீற்றருக்கு ஐந்தரை லீற்றர் கொள்ளும் கார், இங்கே ஏழே முக்கால் லீற்றரளவு கொள்ளும். லீற்றருக்கு 14 கிலோமீற்றர் கொடுத்தது 10 கிலோமீற்றராகக் குறைகின்றது. கார் பழுதாகிவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. மலை தன் வரியை வாங்கிக் கொள்கின்றது.

இறம்பொடை நீர்வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டும், ஆஞ்சநேயர் கோவிலைத் தரிசித்தும் வளைந்து வளைந்து ஏறும்போது காற்று இலேசாகின்றது. நுவரெலியாவில் காற்றின் அழுத்தம் கடற்கரையிலுள்ளதில் ஐந்தில் நான்கு பங்களவே. இயந்திரம் சுவாசிக்கும் காற்றுக் குறைவதால் அதன் பலமுங் குறைகின்றது. காபரேற்றர் கொண்ட பழைய கார்கள் காற்றுக் குறைந்தாலும் பெற்றோலை முன்போலவே வார்த்து, கரும்புகை கக்கின. இக்காலத்துக் கார்களிலுள்ள மின்னணு உறுப்புகள் காற்றை அளந்து அதற்கேற்பப் பெற்றோலை விடுகின்றன. ஏற்றத்திற் சாரதி செய்யத்தக்கது, இயந்திரம் திணறுமுன்னரே கியரைக் குறைத்து, ஒரே சீரான வேகத்தில் ஏறுவதே.

குளிரூரின் கணக்கு

நுவரெலியாவில் அறையெடுத்துத் தங்கும் குடும்பத்தினர் காலையில் கிறகறி வாவிக்கு ஒருமுறை, சந்தைக்கு ஒருமுறை, பூங்காவுக்கு ஒருமுறை எனச் சிறு ஓட்டங்கள் ஓடுவர். தை, மாசி மாதங்களில் புல்லின்மேல் உறைபனி படியும் ஊர் அது. குளிர்ந்த இயந்திரத்தில் எண்ணெய் தடித்திருக்கும். சூடேறும் வரை பெற்றோலும் கூடுதலாக வார்க்கப்படும். இயந்திரம் சூடேறுவதற்குள் பயணமே முடிந்துவிடுவதால், ஒவ்வொரு குறு ஓட்டமும் விலை கூடிய ஓட்டமாகின்றது. இதற்காக நின்ற இடத்திலேயே நெடுநேரம் இயந்திரத்தைச் சூடாக்குவது வீண். அரை நிமிடத்திற் புறப்பட்டு மெதுவாக ஓட்டினால் விரைவிற் சூடேறும். மூன்று வேலைகளையும் ஒரே ஓட்டத்தில் முடிப்பது இன்னும் நன்று. அருகிலுள்ள இடத்துக்கு நடந்து செல்வது எல்லாவற்றிலும் நன்று.

ரயர்களைப் பற்றியும் ஒரு வேடிக்கை உண்டு. குளிரினால் ரயரிலுள்ள காற்றின் அழுத்தம் குறைகின்றது. மலையுச்சியில் வெளிக்காற்றின் அழுத்தமுங் குறைவதால் அளவுமானி கூட்டிக் காட்டுகின்றது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுசெய்து விடுகின்றன! ஆயினும், ஊரிற் புறப்படுமுன் ரயர்கள் குளிர்ந்திருக்கும்போதே அழுத்தத்தைச் சரிபார்த்தல் அவசியம். தளர்ந்த ரயர் பெற்றோலையும் தின்னும்; தானும் தேயும்.

இறக்கத்திற் சிக்கனமும் உயிரும்

திரும்பும் பயணத்திலேதான் மிக முக்கியமான விஷயம் இருக்கின்றது. இறக்கத்தில் கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, சிலர் இயந்திரத்தையும் அணைத்து, காரைத் தானே உருள விடுவர். பெற்றோலை மிச்சம் பிடிக்கும் உபாயமென்று முன்னாளிற் பரவிய வழக்கம் இது. காபரேற்றர்க் கார்களில் அதனாற் சிறிது மிச்சமும் இருந்தது. இன்றைய கார்களிலோ அந்த மிச்சமும் இல்லை. கியரில் வைத்தபடியே அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றும். பெற்றோல் முற்றாக நிறுத்தப்படும். நடுநிலையில் உருள விட்டாலோ, இயந்திரம் அணையாதிருக்கப் பெற்றோல் செலவாகிக் கொண்டேயிருக்கும்.

செலவை விடப் பெரியது ஆபத்து. மலையேற்றத்திற் காருக்குக் கொடுத்த சக்தி முழுவதும் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். கியரில் இருந்தால் இயந்திரமே பெரும் பங்கைத் தாங்கும்; நடுநிலையிலோ பிறேக்குகள் தனியே தாங்கி, சூடேறி, பிடிப்பிழந்து விடும். இயந்திரத்தை அணைத்தவருக்குப் பிறேக்கின் துணைப்பலமும் சக்கரத்தின் இலகுவும் போய்விடும். ஆகையால், எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குதல் வேண்டும். இங்கே சிக்கனமும் பாதுகாப்பும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. பின் ஆசனத்தில் உறங்கும் பிள்ளைகளை நினைப்பவர் வேறு வழியைத் தேடார்.

நம் நாட்டில் எரியும் பெற்றோல் யாவும் கடல் கடந்து வந்த எண்ணெயே. அதன் விலையை நாம் நிர்ணயிப்பதில்லை. மழையையும் வெயிலையும் மலையையும் மாற்றவும் நம்மால் இயலாது. நம் கையில் இருப்பவை சக்கரமும், கியரும், வலது பாதமுமே. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்றனர் முன்னோர். அடுத்த விடுமுறைப் பிரயாணத்தின்போது பிள்ளைகள் அளந்து எழுதட்டும். பெற்றோர் நிதானமாக ஓட்டட்டும். சமவெளிக்கு ஒரு பக்கம், நகரத்துக்கு ஒரு பக்கம், மலைக்கு ஒரு பக்கம் என அக்கொப்பியை வகுத்துக் கொண்டால், வீடு திரும்பும்போது எந்தப் பழக்கம் எவ்வளவு செலவு வைத்தது என்பது வீட்டாருக்கே விளங்கிவிடும்.